தாமதமாக வரும் இடது கை

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அப்படியே. அசையாதீங்க."

காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசுவதில் பாதி இதுதான். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் பிழைப்பு. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அசையாதே என்று சொன்ன பிறகுதான் உடம்பு அசையத் தொடங்கும். வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கிப் பிடுங்கி முதுகு போனவர், எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி தோளை நூலளவு முன்னால் கொண்டுவருவார். வண்டியிலிருந்து விழுந்த காலேஜ் பெண் நல்ல கையால் உடைந்த கையைத் தேடுவாள். விலா எலும்பைக் காட்ட வந்த ஒரு அம்மா மூச்சைப் பிடித்தபடியே அழுதார். உடம்பு குலுங்கவில்லை, தொண்டைக்குழி மட்டும் தாளம் போட்டது. படத்தில் இதெல்லாம் விழாது. படத்தில் எலும்புதான் விழும். எனக்கு வேண்டியது விழாதது.

இப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான் பத்து வருஷம் படித்த பரதநாட்டியம் இல்லை. ஒரே ஒரு சாயங்காலம் பார்த்த வேறொரு ஆட்டம். நவீன நடனம் என்கிறார்கள். அந்தப் பெயர் இன்னும் என் வாயில் ஒட்டவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறையின் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு, தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, செல்போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாண்டிச்சேரிப் பக்கம் எங்கே மேடை போட்டாலும் போய்விடுவேன். கடைசி வரிசை. பக்கத்து நாற்காலியில் என் பை.

வீட்டுக்காரர் கேட்பார்: "விழறாங்க, எழுந்திருக்கறாங்க, மறுபடி விழறாங்க. இதைப் பாக்க பஸ் புடிச்சிக்கினு போறியே. நம்ம தெரு ஒயின்ஷாப்பு வாசல்ல சும்மாவே காட்டுவானே."

நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதான். அங்கே நான் யாரைத் தேடுகிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. சனிக்கிழமை தோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நடன வகுப்புக்குப் போவேன். அரிசி மண்டிக்கு மேலே மாடியில் வகுப்பு. கீழே மூட்டை இறக்கினால் எங்கள் தரை அதிரும். நாங்கள் தட்டினால் அவர்கள் தலையில் சுண்ணாம்பு உதிரும். வழியில் கூட்டேரிப்பட்டில் என் தோழி ஏறுவாள். மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியிலிருந்து நடந்து வருவாள். அவள் அம்மா மல்லாட்டை பிடுங்கப் போவார், கேப்பை அறுக்கப் போவார், கூப்பிட்ட வேலைக்குப் போவார். அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் ஒருவர் சொல்லித்தான் அவளுக்கு வகுப்பில் இடம் கிடைத்தது. நடனம் அதற்கு முன்னாலேயே அவளிடம் இருந்தது.

சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். நான் திண்டிவனத்திலேயே ஏறி, பக்கத்து இருக்கையில் சலங்கைப் பையை வைத்துவிடுவேன். யாராவது "ஆள் வருதா?" என்றால் "வருது" என்பேன். எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தைக்கு மரியாதை உண்டு. துண்டு, குடை, கீரைக்கட்டு, எது கிடந்தாலும் அது ஆள். நின்றுகொண்டே வருவார்களே தவிர அதை எடுத்துவிட்டு உட்கார மாட்டார்கள். கூட்டேரிப்பட்டில் அவள் ஏறி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். விழுப்புரம் வரைக்கும் வாய் ஓயாது.

அவள் பேச்சில் பாதி என் இடது கையைப் பற்றி. ஆட்டம் முடிகிற தீர்மானத்தில் இரண்டு கையும் ஒன்றாக விரிய வேண்டும். என் வலது கை சரியாகப் போய் நிற்கும். இடது ஒரு நொடி பிந்தி வரும். எத்தனை வருஷம் திருத்தியும் திருந்தவில்லை. டீச்சர் தாளக் கட்டையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "ஏம்மா, வலது கை வந்து சேந்துடுச்சு. இடது கை அடுத்த பஸ்ல வருதா?" வகுப்பே சிரிக்கும். திரும்பி வரும்போது தோழி கண்டக்டரிடம் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "மூணு டிக்கெட்டு குடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவளுக்கு, ஒண்ணு இவ இடது கைக்கு. அது பின்னாடி வந்துக்கினு கீது" என்பாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கை பிந்தினாலும் நான் முதல் வரிசை. எதுவும் பிந்தாத அவள் மூன்றாவது வரிசையில் சுவரோரம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் டீச்சருக்கு இரண்டு பாஸ் வந்தது. கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் ஏதோ ஒரு குழுவின் நடனம். டீச்சர் அதை விரல் நுனியில் பிடித்து என்னிடம் நீட்டினார். "எப்படி ஆடக் கூடாதுன்னு பாத்துட்டு வா. கூட யாரையாவது கூட்டிக்கோ." நான் அவளைக் கூட்டிக்கொண்டேன்.

கீற்றுக் கொட்டகை. பின்னால் கடல். மேடை என்று உயரமாக எதுவும் இல்லை, மெழுகிய தரைதான். நகை இல்லை, பொட்டு இல்லை, பாட்டு இல்லை. கால்சட்டை போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள்.

"ஏண்டி, யாருனா தண்ணி தெளிக்கக் கூடாதா?" என்றாள் தோழி என் காதில். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாலாவது முறை அந்தப் பெண் விழுந்தபோது தோழி சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விரல் நுனியில் நாடி அடித்தது, அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

எங்கள் ஆட்டத்தில் தரைக்குக் கொடுப்பது உள்ளங்கால் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டு, உன்னை மிதித்தேன் பொறுத்துக்கொள் என்று தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இந்தப் பெண் கன்னத்தைக் கொடுத்தாள், முதுகைக் கொடுத்தாள், முழங்கையையும் பிடரியையும் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் பாட்டு சொல்லும், அதையே கை சொல்லும், அதையே முகமும் சொல்லும். ஒரே சேதியை மூன்று பேர் கொண்டுவந்தால் கேட்பவளுக்கு என்ன வேலை? இவள் எதையுமே சொல்லவில்லை. அவள் விழ விழ, எனக்குத் தெரிந்த விழுதல்கள் எல்லாம் வந்தன. அம்மா ஒருநாள் குளியலறையில் விழுந்தது. நான் எதிலிருந்தும் இன்னும் விழாதது.

திரும்பும்போது பஸ்ஸில் தோழி டிக்கெட்டை நாலாக மடித்தாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"கவனிச்சியாடி? அங்க வரிசையே இல்ல."

அந்தக் குழு புதிதாக ஆட்களைச் சேர்க்கிறது என்று அவள்தான் விசாரித்து வந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். "நீ கூட வந்தா எங்கம்மா விடும். தனியான்னா விடாது." ஏற்பாடு சுலபமானது. நான் வழக்கமான பஸ்ஸில் வந்து கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து மயிலம் வழியாகப் பாண்டிச்சேரி பஸ். வகுப்புக்குப் போகிறோம் என்றுதான் வீடு நினைக்கும்.

"இறங்கிடுவல்ல?"

"இறங்கிடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

அந்த நேரத்தில் எனக்கு அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பட்டுப்புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டவில்லை. யாரும் கதவைப் பூட்டவில்லை. யாராவது பூட்டியிருந்தால் இத்தனை வருஷம் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். கூட்டேரிப்பட்டில் டீக்கடைக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள், பச்சைத் தாவணியில், துணிப்பையோடு, குதிகாலைத் தூக்கி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு. பஸ் நின்றது. நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். விசில். பஸ் நகர்ந்தது. அப்போது, நான் குனிந்தபடியே இருக்க, என் இடது கை மட்டும் தானாக எழுந்து ஜன்னலுக்குப் போனது. நான் அனுப்பவில்லை. அது வழக்கம்போலப் பிந்திப் போனது.

அவள் பார்த்தாளா?

இதுதான் கேள்வி. இருபத்தேழு வருஷமாக ஒரே கேள்வி. பார்க்கவில்லை என்றால் நான் பஸ்ஸுக்கு வராதவள். காய்ச்சல் வந்திருக்கலாம், மாட்டிக்கொண்டிருக்கலாம், பாவம். பார்த்துவிட்டாள் என்றால் நான் அவள் கண்ணெதிரே குனிந்தவள்.

விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு அம்மா கேட்டார். "ஆள் வருதாம்மா?"

"வருது" என்றேன். விழுப்புரம் வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.

ஐந்தாறு மாசம் கழித்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவித்த மல்லாட்டையைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"கண்ணு! நீ எங்க இங்க? லீவு உட்டாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அது லெட்டர் போட்டுது. நீயும் அதுவும் ஒண்ணாத்தான் கீறீங்களாம், ஒரே ரூம்புலதான் படுக்கறீங்களாம். நீ கூட கீறன்னுதான் நான் நிம்மதியா கீறேன்."

"ஆமாம்மா" என்றேன். "லீவு."

இரண்டு ஆழாக்கு மல்லாட்டையை என் துப்பட்டாவில் கொட்டினார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "ஒண்ணு உனுக்கு, ஒண்ணு அதுக்கு. மறந்து தின்னுடப் போற."

வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பங்கையும் நானே தின்றேன். தோலைத் தெருவெல்லாம் போட்டுக்கொண்டே போனேன்.

அன்றிலிருந்து நான் இரண்டு பேர். ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்காதவள். அவளுக்கு அரங்கேற்றம் நடந்தது, தீர்மானத்தில் இடது கை பிந்தியது, மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. மறுவாரமே அந்தப் போட்டோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அதன் பிறகு அவள் ஆடவில்லை. இன்னொருத்தி கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டவள். ஒரு தாயின் நிம்மதிக்காக, ஒரு கடிதத்துக்குள் தோழி உண்டாக்கிய பெண். கடலோரம் ஒரே அறையில் படுத்து, விழுந்து எழுந்து, வரிசை இல்லாத இடத்தில் ஆடிக்கொண்டிருப்பவள். நான் தேடிப் போவது தோழியை மட்டுமில்லை. அந்த இன்னொருத்தியையும்தான்.

அதற்காக மட்டும் போகிறேன் என்றும் சொல்லிவிட முடியாது. தேடப் போன இடத்தில் பார்க்க வைத்துவிட்டார்கள். ஒரு பெண் அரை மணி நேரம் சுவரில் தோள் கொடுத்துத் தள்ளினாள். சுவர் அசையவில்லை. என் பல் கிட்டியது. வயதான இரண்டு ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டே மேடையைக் கடந்தார்கள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தூங்குகிற வீட்டுக்காரரின் முதுகில் சாய்ந்து பார்த்தேன். "ஏன், ஃபேன் காத்து வரலியா?" என்றார். ஒவ்வொரு முறையும் நோட்டீஸில் பெயர்களை விரல் வைத்துப் படிப்பேன். அவள் பெயர் இருக்காது. பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அரங்கத்தில் கலை விழா. வெளியூர்க் குழு ஒன்று ஆடப்போகிறது என்று கூட வேலை பார்க்கும் நர்ஸ் தகவல் அனுப்பினார். மத்தியானம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே நாலு மின்விசிறி, அதில் ஒன்று கிறீச்சிட்டது. முன்னால் பேசியவர்கள் நிறையப் பேசினார்கள். பிறகு ஆறு பேர், முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு, இரண்டு நடனம் ஆடினார்கள். நல்ல உடம்புகள். மூன்றாவதற்கு முன்னால் சட்டையில் பேட்ஜ் குத்திய மாணவி ஒருத்தி ஓடி வந்தாள்.

"அக்கா, இந்தச் சேருக்கு ஆள் வராங்களா? ஸ்டேஜுக்கு ஒரு சேர் கம்மியா இருக்கு."

வாய் 'வருது' என்று தொடங்கியது. அதற்குள் அவள் என் பையை மரியாதையாக என் மடியில் வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். நடனத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: 'நிறுத்தம்'. ஐந்து பேர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆறாவது பெண் மேடை நடுவில் நின்றாள். பாட்டு இல்லை. ஒரு பழைய எஞ்சினின் உறுமல். உட்கார்ந்தவர்கள் குலுங்கினார்கள், மேட்டில் ஏறி இறங்கினார்கள், நாற்காலியோடு இழுத்து இழுத்து நின்றவளை நோக்கி வந்தார்கள். நின்றவள் குதிகாலைத் தூக்கி அவர்கள் வருகிற இடப் பக்கமே பார்த்தாள்.

நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

வண்டி அவள் முன்னால் நின்றது. கடைசி நாற்காலிக்காரி குனிந்தாள். விசில். வண்டி அவளைத் தாண்டியது. எஞ்சின் சத்தம்கூட அடங்கிவிட்டது. அதற்கும் பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, குனிந்திருந்த பெண்ணின் இடது கை எழுந்தது. ஒரு நொடி பிந்தி.

என் கை. என் உடம்பை விட்டு எங்கேயோ போய், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் தோளில் முளைத்திருக்கிறது.

நின்றவள் மெதுவாகத் திரும்பினாள். இப்போது வலப் பக்கம், வண்டி போன பக்கம் பார்த்தாள். வண்டி அந்தப் பக்கமிருந்து திரும்பி வந்தது, குனிந்தவள் இல்லாமல். மறுபடி ஒரு வண்டி. அதிலும் அவள் இல்லை. குதிகால் இறங்கியது. பிறகுதான் நின்றவள் விழுந்தாள். கொட்டகையில் அன்றைக்கு நாங்கள் பார்த்த அதே விழுதல், கன்னம் முதலில். எழுந்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போனாள். எல்லாரும் போனார்கள். மேடையில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. என் பக்கத்தில் இருந்த நாற்காலி. அதன் மேல் ஒரு சலங்கைப் பை.

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் இரண்டு கையும் மடியில் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மேடைக்குப் பின்னால் போனேன். கை தூக்கிய பெண் படியில் உட்கார்ந்து முழங்கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும்.

"அந்த இடது கை..." என்றேன்.

"லேட்டாயிடுச்சுன்னு நெனச்சீங்களாம்மா? எல்லாரும் அதான் கேக்கறாங்க. வேணும்னேதான். சத்தத்தோட சேந்து வந்துட்டா டீச்சர் கொன்னுடுவாங்க. ஆறு மாசம் ப்ராக்டீஸு பண்ணோம், லேட்டா வர்றதுக்கு."

"ஆறு மாசமா?"

"நேரத்துக்கு வர்றது ஈஸி. இது இருக்கே, பேஜாரும்மா. வேணும்னு லேட்டாவும் வரக்கூடாது. அதுவா லேட்டாவணும். நாங்க அதுக்குத் திண்டிவனம்னு பேரு வச்சிருக்கோம். 'திண்டிவனம் சரியா வரல, திரும்பிப் பண்ணு'ம்பாங்க."

பையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க டீச்சர் பேரு நோட்டீஸ்ல இல்லியே."

"வேற பேரு வச்சிக்கினாங்க, ரொம்ப வருசம் முன்னாடியே. இப்ப ட்ராவல் பண்றதில்ல, முட்டி போயிடுச்சு. கோட்டக்குப்பத்துல பள்ளிவாசல் தெருவுக்கு அந்தாண்ட வீடு, நீல கேட்டு. சாயங்காலம் ஆனா வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்கினு இருப்பாங்க. வாசல்லதான் எங்களுக்கு ரிகர்சலே."

அவள் உயிரோடு இருக்கிறாள். நாற்பது கிலோமீட்டரில், ஒரு நாற்காலியில்.

"அந்த நிக்கற பொண்ணு" என்று கேட்டேன், "கையைப் பாத்தாளா?"

"பாத்துட்டாளே! முகம் தெரியல. கை தெரிஞ்சுதாம். கையை வச்சே ஆளு யாருன்னு தெரிஞ்சிடுச்சாம்."

"பாத்துட்டு அப்புறம் ஏன் நிக்கறா? ரெண்டு வண்டி வரைக்கும்?"

"நாங்களும் அதான் கேட்டோம். அந்த ஃப்ரெண்டு எதுலயும் கொஞ்சம் லேட்டாம். அடுத்த ஸ்டாப்புல எறங்கி திரும்பி வந்துடுவான்னு நெனச்சிக்கினு நின்னாங்களாம். அதான் கை போனப்புறம் விழுப்புரம் பக்கமே பாக்கறா." பெண் தண்ணீர் குடித்தாள். "பாவம்ல?"

இருபத்தேழு வருஷமாக என்னிடம் இரண்டே பதில்கள் இருந்தன. பார்த்தாள், அல்லது பார்க்கவில்லை. பார்த்த பிறகும் நின்றாள் என்று மூன்றாவதாக ஒன்று இருக்குமென்று தோன்றியதே இல்லை. என்னை அந்த அளவுக்கு நம்பக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். நான் விழுப்புரத்தில் மண்டி மாடியில் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்றாள் பெண்.

"திண்டிவனம்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என் மடியைப் பார்த்தாள், அங்கே கிடந்த கையை. ஒரு ஆட்டக்காரிக்குக் கையைப் பார்த்தால் போதும்.

"வேன்ல இடம் இருக்கும்மா" என்றாள் மெதுவாக. "கோட்டக்குப்பம்தான் போறோம். வர்றீங்களா?"

"இல்லம்மா. வீட்ல தேடுவாங்க" என்றேன்.

ஆமாம். மறுபடியும் குனிந்தேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம். பக்கத்தில் பை. விக்கிரவாண்டிக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள்.

"ஆள் வருதாக்கா?"

"வருது" என்றேன்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் தலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் தோளில் இடித்தது. நான் பையைப் பார்த்தேன். வெறும் பை. டிபன் பாக்ஸ், கண்ணாடிக்கூடு, குடை.

"உக்காரும்மா" என்று பையை எடுத்தேன்.

"வருதுன்னீங்களே?"

"தப்பா சொல்லிட்டேன்."

உட்கார்ந்ததும் குழந்தை தூங்கிவிட்டது. நான் எழுந்து கண்டக்டரிடம் போனேன்.

"கூட்டேரிப்பட்டுல இறங்கணும்."

"திண்டிவனம்னு டிக்கெட்டு வாங்குனியேம்மா. வண்டி பாலத்து மேல போவும். அங்கெல்லாம் நிக்காது."

"பாலம் ஏறறதுக்கு முன்னாடி இறக்கி விட்டுடுங்க."

"அங்கேர்ந்து நடக்கணும்."

"நடக்கறேன்."

"எல்லாத்தையும் கடைசி நேரத்துல சொல்லு" என்று முணுமுணுத்து விசில் அடித்தார். "எறங்கு, ஜல்தி."

பாலத்தின் காலடியில் இறக்கிவிட்டார்கள். பஸ் மேலே ஏறிப் போயிற்று. நான் கீழ்ச் சாலையில் நடந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் எந்தப் பக்கமிருந்து வருகிறேன் என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. விழுப்புரம் பக்கமிருந்து. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற பக்கமிருந்து. டீக்கடை இருந்த கைகாட்டிப் பலகை முனையை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. என்றால் அங்கிருந்து இந்தச் சாலையும் தெரிந்திருக்கும். ஒருத்தி பையோடு வந்தால் அரை கிலோமீட்டரிலேயே தெரிந்திருக்கும்.

டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. வாசலில் மூன்று பேர் நின்று ஒரு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பச்சைத் தாவணியில் யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் குதிகால் தரையில் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவள் நின்ற இடத்தில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். பாலத்து நிழலில் சாலை நீளமாக இருந்தது. ஒரு நாய், ஒரு சைக்கிள். இரண்டு பஸ் நேரம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

போன் அடித்தது. "எங்க இருக்கற?" வீட்டுக்காரர்.

"கூட்டேரிப்பட்டுல."

"அங்க என்னா வேலை உனுக்கு?"

"ஒருத்தங்க நின்னுக்கினு இருக்காங்க."

"யாரு?"

"வந்து சொல்றேன். சாப்பிட்டுடுங்க. லேட்டாவும்."

"என்னிக்கு நீ லேட்டாவாம வந்த" என்று வைத்துவிட்டார்.

அவள் கதவைத் திறப்பாளா என்று தெரியாது. கோபக்காரி. முன்பும் அப்படித்தான். இவ்வளவு நேரம் கழித்து வந்து நிற்கிறவளை நாற்காலியிலிருந்து ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். அது அவளுக்கு உரிமை. அந்தக் கை எழுந்தது எதற்காக என்று அவள் கேட்டால், கையைத்தான் நீட்ட முடியும். கடலோரம் அவளோடு ஒரே அறையில் படுத்திருந்த அந்த இன்னொருத்தியைப் பற்றி வேண்டுமானால் கேட்பேன். அவள் நன்றாக ஆடினாளா என்று.

மயிலம் சாலை முனையில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "பாண்டி, பாண்டி, மயிலம் பாண்டி" என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடவில்லை. நடந்து போவதற்குள் விசில் அடித்துவிட்டார். பஸ் நகர்ந்தது.

"வர்றியாம்மா இல்லியா?" என்று கத்தினார்.

வலது கை கம்பியைப் பிடித்துவிட்டது. காலும் படியில் ஏறிவிட்டது. இடது கை, கடைசியாக, வந்து சேர்ந்தது.